தெரியாத கட்டளை

கோமதி கம்பியைச் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் ராக்கியப்பன் ஒழுங்காக எழுந்துவிடுவார். கம்பியைக் கழற்றிக்கொண்டு அவள் கோயம்புத்தூர் திரும்பினால், வீடு போய்ச் சேர்ந்த கையோடு, மறுபடியும் பாதியில் நின்றுவிட்டார் என்று போன் வரும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குவதும் மெக்கானிக் கை வைத்ததும் வண்டி கிளம்புவதும் எல்லார் வீட்டிலும் நடக்கிற கூத்துதான். ஆனால் இங்கே கிளம்ப மறுப்பது ஸ்கூட்டர் இல்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் முப்பது வருஷம் தரகு பார்த்த ஒரு மனிதர். அதனால் கோமதிக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

ராக்கியப்பனுக்கு மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. புத்தி அப்படியே இருக்கிறது, காது கேட்கிறது, தொட்டால் தெரிகிறது. கை, கால், நாக்கு மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்திருக்கும் பாலம் என்கிற கருவிதான் இப்போது மூளை சொல்வதை வாங்கி உடம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தப் பாலத்தைச் செய்கிற நிறுவனத்தில்தான் கோமதிக்கு வேலை. பாலம் விழித்தெழும் முதல் சில நொடிகளில் ஓடுகிற கணினி நிரல் அவள் பொறுப்பு. அதற்கு மேலே நடக்கிற அழகான காரியங்களையெல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள், பாராட்டும் அவர்களுக்கே போகிறது.

பாலத்துக்கு ஓய்வு வேண்டும். இரவில் அதை நிறுத்தினால்தான் சூடு தணியும், மின்சாரம் ஏறும். நிறுத்துகிற பொத்தான் மனைவி பழனாத்தாளிடம் இருந்தது. சாப்பிட்டு, செய்தி பார்த்து, நாலு வார்த்தை பேசி முடித்ததும் அந்த அம்மாள் தன் கையாலேயே புருஷனை அணைப்பாள். பேச்சு நிற்கும், முகம் தளரும், கண் மட்டும் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். விடிந்ததும் திரும்ப அமுக்க வேண்டும். அதற்கு முன்னால் அவள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வருவாள்.

"லைட்டு ஸ்விட்சை அமுக்கற மாதிரிங்க அம்மணி," என்றாள் ஒரு நாள். "கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்த மனுசனை தெனமும் அணைச்சு அணைச்சு எந்திரிக்க வெக்கறேன். எவளுக்காச்சும் இந்தக் கெரகம் இருக்குதா?"

இருந்தது. கோமதியின் கணக்கில் அப்படிப்பட்ட பெண்களும் ஆண்களும் தமிழ்நாடு முழுவதும் இருந்தார்கள். ஆனால் அதைச் சொன்னால் யாருக்கும் ஆறுதல் கிடைக்காது என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தொல்லைக்கெல்லாம் முடிவு கட்டப் புதுப் பாலம் வந்துவிட்டது. அது நிற்கவே நிற்காது, ஓய்வும் கேட்காது. வருகிற வியாழக்கிழமை ராக்கியப்பனுக்கு அதைப் பதிக்க அறுவை சிகிச்சை. ஒருமுறை பதித்துவிட்டால் எடுக்க முடியாது. பழையதில் இருக்கிற கோளாறு என்னவென்று தெரியாமல் புதியதைப் பதிக்க மாட்டோம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டதால்தான் கோமதியை அனுப்பியிருந்தார்கள்.

"அப்படி என்னதான் நின்னு போகுதுங்க அதுக்குள்ள?" என்று பழனாத்தாள் கேட்டாள். கேட்ட இடம் அடுக்களை. கோமதிக்குக் காப்பி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"காலையில நீங்க பொத்தானை அமுக்கினதும் முதல்ல ஒரு சின்ன நிரல் முழிக்கும்மா. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரே ஒரு கம்பியில பேசவும் கேட்கவும் மட்டும் தெரியும். அந்தக் கம்பியைத்தான் நாங்க சீரியல் கன்சோல்னு சொல்றோம். 'நான் முழிச்சுட்டேன், இதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன்'னு அதுல வரிவரியா சொல்லும். அப்புறம் பெரிய நிரலை எழுப்பி, கம்பியை அதுகிட்ட ஒப்படைச்சுட்டு ஒதுங்கிக்கும். பெரிய நிரல்ல அந்தக் கம்பியை ஓட்டறதுக்குன்னே ஒரு டிரைவர் இருக்கு."

"மாத்தி மாத்தி ஓட்டறப்ப கோளாறு ஆயிருச்சாக்கும்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்."

அதற்காக அவள் ஒரு மாதத்தை வீணடித்திருந்தாள். சின்ன நிரல் பேசி முடிப்பதற்குள் பெரிய நிரலின் டிரைவர் கம்பியைப் பிடுங்குகிறதா, இரண்டும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்கிறதா என்று நோண்டி நோண்டிப் பார்த்து, வழியில் தென்பட்ட மூன்று பிழைகளைத் திருத்தியும் இருந்தாள். அவை உண்மையான பிழைகள்தான். ராக்கியப்பனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான். அவர் ஒப்படைக்கும் இடம்வரை வருவதே இல்லை என்று இந்த வாரம்தான் அவளுக்குப் பிடிபட்டது. அதற்கும் முந்தைய இடத்தில் நிற்கிறார்.

"சின்ன நிரல், பெரியதை எழுப்பறதுக்கு முன்னால கொஞ்சம் காத்திருக்கும்மா. 'யாராவது என்னை நிறுத்தணுமா?'ன்னு கேட்கும். எங்களை மாதிரி ஆளுங்க சோதனை பண்றதுக்காக வெச்ச வசதி. அந்த நேரத்துல கம்பியில ஏதாவது ஒரு எழுத்து வந்தா போதும், அப்படியே நின்னுடும். கட்டளைக்குக் காத்திருக்கும். யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா மேலே போயிடும்."

"கம்பியே மாட்டலீங்களே. பொறவு யாரு நிறுத்துவாங்க?"

சரியான கேள்வி. கோமதி காப்பியை வாங்கிக்கொண்டாள். "கம்பி மாட்டாதப்போ அந்தக் கேட்கிற முனை அந்தரத்துல தொங்கிட்டிருக்கும்மா. பக்கத்துல என்ன சலசலப்பு இருந்தாலும் அதுக்கு எழுத்து மாதிரி கேட்கும். கம்பியை மாட்டினா முனை கட்டுக்குள்ள வந்துடும். அதான் நான் வந்தா ஒழுங்கா எழுந்துக்கறார்."

"அப்ப கண்டுபுடிச்சாச்சு!"

கண்டுபிடித்தாகிவிட்டது என்றுதான் அலுவலகத்திலும் சொன்னார்கள். போனில் தேவசகாயம் சாருக்கு ஒரே சந்தோஷம். நாகர்கோவில்காரர், பிரிவுக்குத் தலைவர், யாரையும் கடிந்து பேசாதவர்.

"இது பழைய வியாதிதானே கோமதி. நிரல்ல அந்த ஒரு வரியைப் போட்டுட்டு வாங்க. கேட்கிற முனையை ஆரம்பத்துலயே அடைச்சிருவோம். போன வருஷம் திருச்சியில, விருதுநகர்ல எல்லாம் இதே புகார் வந்துச்சு. அந்த வரியை அனுப்பினோம். அதுக்கப்புறம் ஒருத்தர்கூட நிக்கலை."

"இன்னும் ஒரு நாள் குடுங்க சார்."

"எதுக்கு?"

எதுக்கு என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சலசலப்பு என்றால் எந்தச் சலசலப்பு என்று பார்க்காமல் மூடுவது அவள் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். சார் கொஞ்சம் முனகிவிட்டுச் சரி என்றார்.

அன்று மத்தியானம் ராக்கியப்பன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை அழகாக வேலை செய்தது. வெள்ளை மீசை, தடித்த புருவம், குரலும் கணீரென்று இருந்தது. கோமதி எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"காலையில நின்னு போகுதுல்லீங்கய்யா, அப்போ உங்களுக்கு உள்ளே என்ன தோணுது?"

அவர் அவளைப் பார்த்தார். புருவம் மெல்ல நெரிந்தது. "அது... நான்..." என்று ஆரம்பித்தவர், உடனே மலர்ந்து, "நீங்க எல்லாம் கூட இருக்கறப்ப எனக்கு என்னங்க அம்மணி கவலை? எது நடந்தாலும் நல்லதுக்குத்தான்," என்று சொல்லி முடித்தார்.

பழனாத்தாள் பூரித்துப்போனாள். "பாருங்க, எப்படிப் பேசறாருன்னு! முன்னெல்லாம் காப்பி ஆறிப்போச்சுன்னா தெருவுக்கே கேக்கற மாதிரி சத்தம் போடுவாருங்க. நானும் விட மாட்டேன். ரெண்டு பேரும் கத்தி முடிக்கறப்ப இன்னொரு காப்பி ஆறிப்போயிருக்கும். இப்ப ஒரு வார்த்தை கடுமையா வர்றதில்ல. ஆபரேசனுக்குக் கேக்க வந்தாங்கல்ல, அப்ப என்ன சொன்னாரு தெரியுங்களா? 'உனக்கு எது சவுகரியமோ அதையே பண்ணிக்கலாம், நீ நல்லா இருந்தா எனக்குப் போதும்'ன்னாருங்க. நான் அழுதுட்டேன்."

கோமதியின் கையில் இருந்த கடலை கையிலேயே நின்றது. உனக்கு எது சவுகரியமோ அதையே பண்ணிக்கலாம், நீ நல்லா இருந்தா எனக்குப் போதும். இதே வரியை, இதே இடத்தில் இதே மூச்சு விட்டு, திருச்சியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். விருதுநகரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அம்மாளும் சொன்னாள்.

பாலம் வெறுமனே சுமந்துகொண்டு போவதில்லை. மூளையிலிருந்து ஒரு வாக்கியம் முழுதாக வந்து சேர நேரமாகும், அதுவரை பேச்சு திக்கும். பார்க்கிறவர்களுக்குச் சகிக்காது. அதனால் முதல் ஓரிரு சொல் வந்ததும் மீதியைப் பாலமே ஊகித்துப் பேசி முடித்துவிடும். தப்பென்றால் உள்ளே இருப்பவர் தடுக்கலாம் என்று விளக்கக் கையேட்டில் இருக்கிறது. தடுப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும் என்று அதில் இல்லை. ஊகிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள், நல்ல வார்த்தைகளாகத்தான் பொறுக்கிப் போட்டிருந்தார்கள்.

கோமதி கையில் இருந்த கடலையைக் கீழே வைத்தாள். இந்த அம்மாளிடம் இதைச் சொல்வதா? அழுது சந்தோஷப்பட்ட ஒரு வாக்கியத்தை, அது எங்கள் கம்பெனிச் சரக்கு என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் கிளம்பி லாட்ஜுக்குப் போனாள்.

மறுநாள் காலை வந்தபோது கம்பியில் ஒரு சின்ன வேலை செய்திருந்தாள். பாலம் பேசுகிற வழியை மட்டும் வைத்துக்கொண்டு, அது கேட்கிற வழியைத் துண்டித்துவிட்டிருந்தாள். இப்போது கம்பி மாட்டியும் மாட்டாத மாதிரிதான். கேட்கிற முனை பழையபடி அந்தரத்தில் தொங்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திரையில் படிக்கலாம். ஒட்டுக் கேட்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பழனாத்தாள் சாமி கும்பிட்டுவிட்டு வந்து பொத்தானை அமுக்கினாள். கட்டிலில் ராக்கியப்பன் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். மடிக்கணினியில் வரிகள் ஓடின. விழித்தேன். நினைவகம் சரி. மின்சாரம் சரி. நிறுத்த வேண்டுமா?

நின்றது.

"அய்யோ," என்று பழனாத்தாள் மறுபடியும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். இரண்டாம் முறை அமுக்கினால் எப்போதும் எழுந்துவிடுவார்.

"இருங்கம்மா, அமுக்காதீங்க. அய்யாவுக்கு ஒண்ணும் ஆகாது. மூச்சு, இதயம் எல்லாம் தானா நடக்கும். சித்த நேரம் பார்ப்போம்."

திரையில் குறிகள் விழுந்தன. எழுத்து என்று சொல்ல முடியாது, பாலத்துக்குப் புரியாத எதுவாக இருந்தாலும் அது ஒரு கட்டம் போட்டுக் காட்டும். ஐந்து கட்டம் சேர்ந்தாற்போல் வந்தது. அதன் கீழே சின்ன நிரல் பதில் போட்டது: தெரியாத கட்டளை. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஐந்து கட்டம். தெரியாத கட்டளை. மறுபடியும் ஐந்து.

கோமதி குனிந்து பார்த்தாள். வீட்டு மின்சாரத்தின் சலசலப்பு இப்படி வராது. அது ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும், மூச்சு வாங்காது. இது மூச்சு வாங்கியது. அவள் பாலத்தின் வரைபடத்தைத் திறந்து, கேட்கிற முனைக்குப் பக்கத்தில் எந்த நரம்புக் கம்பி ஓடுகிறது என்று தேடினாள். வலது கை. விரல்கள் ஐந்துக்கும் ஒரு கற்றையாகப் போகிற கம்பி.

"அம்மா, அய்யா வலது கையை அசைக்கப் பார்க்கறார்னு நினைக்கறேன். கை அசையலை, ஆனா அவர் விரலை மடக்கணும்னு நினைக்கிறது இங்கே கேட்குது. அஞ்சு விரலையும் மடக்கறார், விடறார். மடக்கறார், விடறார்."

பழனாத்தாள் திரையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"முழுக் கையா? திருப்பித் திருப்பியா?"

"ஆமாம்மா."

"அது சந்தையில பண்றதுங்க அம்மணி. மாட்டுக்கு வெலை வாயில பேச மாட்டாங்க. துண்டைப் போட்டு மூடிட்டு, அதுக்குள்ள கையைப் புடிச்சுத்தான் பேசுவாங்க. ஒரு விரலைப் புடிச்சா ஒண்ணு, ரெண்டைப் புடிச்சா ரெண்டு. சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. வாய் பாட்டுக்கு மழை பேஞ்சுதா, மக நல்லாருக்காளான்னு என்னத்தையோ பேசிட்டிருக்கும். அது சும்மா. கைதான் பேச்சு. மொதல்ல முழுக் கையையும் ஒருக்கா அமுக்குவாங்க. பேசலாம் வான்னு."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஐந்து கட்டம். தெரியாத கட்டளை.

"எத்தன மாசமாங்க இது நின்னு நின்னு போகுது?" என்று பழனாத்தாள் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பேச வான்னு கூப்பிட்டிருக்காரு. நான் பயந்துட்டு பயந்துட்டு பொத்தானை அமுக்கியிருக்கேன்."

கோமதி வாசலுக்கு வந்து தேவசகாயம் சாருக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"நல்லாப் பார்த்தீங்களா? வெறும் சலசலப்பு இல்லையே?"

"இல்லை சார். கை. அந்த ஒரு வரியை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கோம்?"

"கோமதி, எல்லாரும் சந்தைத் தரகர் இல்லை. மத்தவங்களுக்கு வெறும் சலசலப்பாவே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் சார். நாம அவங்களைக் கேட்கலையே. கேட்டிருந்தாலும் பாலம்தான் பதில் சொல்லியிருக்கும்."

"வரியைத் திரும்ப எடுத்தா எல்லா வீட்டுலயும் நிக்க ஆரம்பிக்கும். போன் பிச்சுக்கும். மேல இருக்கறவங்க என்னைத் தோலை உரிச்சிருவாங்க."

"உரிப்பாங்க சார்."

"சரி. இன்னைக்கு எடுத்துடறேன்," என்றார். அழுகிற மாதிரி இருந்தது குரல். "வியாழக்கிழமை விஷயத்தை நீங்க அங்கேயே கேட்டுட்டு வாங்க. அவரையே கேளுங்க."

உள்ளே வந்தபோது பழனாத்தாள் கொடியிலிருந்து புருஷனின் தோள் துண்டை எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அசையாத அந்த வலது கையைத் தன் மடியில் வைத்து, துண்டைப் போட்டு மூடினாள்.

"துண்டு எதுக்கும்மா? இங்கே யார் பார்க்கப் போறா?"

"நீ இருக்கீல்ல," என்றாள் பழனாத்தாள். அவள் கோமதியை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. கோமதிக்கு ஏனோ அது பிடித்திருந்தது.

துண்டுக்குள் அவள் முழுக் கையையும் அமுக்குவது மேலாகத் தெரிந்தது. திரையில் உடனே ஐந்து கட்டம் விழுந்தது. தொட்டால் தெரிகிற மனிதர்தானே. அவர் கண் ஓரத்தில் ஈரம் சேர்ந்தது.

"ஏனுங்க மாமா," என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வியாழக்கெழமை ஆபரேசன். சம்மதம்னா முழுக் கை. வேண்டாம்னா ரெண்டு விரல். சும்மா இருக்கப்படாது, கம்பி அந்துருச்சோன்னு இந்தப் புள்ள பயந்துக்கும்."

திரையில் இரண்டு கட்டம். தெரியாத கட்டளை என்றது நிரல். இடைவெளி விட்டு, மறுபடியும் இரண்டு. மூன்றாவது தடவை அவளே கேட்காமல் வந்தது, இரண்டு.

"ரெண்டும்மா," என்றாள் கோமதி மெதுவாக. "வேண்டாங்கறார்."

பழனாத்தாள் தலையை ஆட்டினாள். கோமதி, சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "அம்மா, அன்னைக்கு அவர் சம்மதம்னு சொன்ன வார்த்தை..."

"அவரு சொல்லலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங் கண்ணு."

கோமதி மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"முப்பது வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இந்த மனுசன் 'நீ நல்லா இருந்தா போதும்'னு சொல்ற ஆளா? மனசுல இருக்கும், வாயில வராது. வாயில வந்தா அது இவரு இல்ல. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். தெனமும் அணைச்சு அணைச்சு எனக்கு அலுத்துப்போச்சு. அதுவுமில்லாம..." அவள் துண்டைச் சரிசெய்தாள். "கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. எனக்கு யாரு அப்படிச் சொல்லியிருக்கா? மெசினாச்சும் சொல்லுதேன்னு இருந்துட்டேன். தப்புதான்."

கட்டிலில் இருந்தவருக்குக் காது கேட்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். திரையில் கட்டம் ஏதும் விழவில்லை.

"சரி, ஆபரேசன் இல்ல," என்றாள் பழனாத்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. குரலில் இப்போது வேறு ஒரு மிடுக்கு வந்திருந்தது. "அணைக்கற வேல எனக்குத்தான்னு ஆயிருச்சு. அப்ப நானும் கேப்பேன். நீங்க பாட்டுக்கு நெனைச்ச அன்னைக்கு நிறுத்தி வெச்சு என்ர உசுரை வாங்கப்படாது. வாரத்துல எத்தன நாளு மெசினு இல்லாம இப்படி இருக்கோணும்? சொல்லிப்போடுங்க. அன்னைக்கு நான் பொத்தானையே தொட மாட்டேன். மத்த நாளு நீங்க தொந்தரவு பண்ணாம எந்திரிக்கோணும்."

கோமதியின் பக்கம் திரும்பி, "ஏழும்பாரு பாரு," என்று கிசுகிசுத்தாள். "மொதல்ல எட்டாத வெலையைச் சொல்றதுதான் இவரு தொழிலு. நான் ஒண்ணுல ஆரம்பிச்சு மேல ஏறுவேன்."

திரையில் ஒரு கட்டம் விழுந்தது. கோமதி மிச்சத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை. தெரியாத கட்டளை என்று நிரல் சொன்ன பிறகு, மறுபடியும் ஒன்றே ஒன்று.

"ஒண்ணும்மா."

"ஒண்ணா?"

"ஒரு நாள் போதுங்கறார்."

பழனாத்தாள் புருஷன் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை, கண் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "முப்பது வருசத் தரகுல இந்த மனுசன் வாயால... கையால மொத வெலையே அடிமாட்டு வெலையாச் சொன்னதில்ல கண்ணு," என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. "எனக்கு அந்த இனிப்புப் பேச்சுக்காரன்தான் வேணும்னு நெனைச்சுட்டாரு. ஆறு நாளு அவனோட இருந்துக்கோன்னு எனக்கு விட்டுக்குடுக்கறாரு. அவன்கிட்டச் சிரிச்சேன்ல, அதைப் பாத்துட்டே இருந்திருக்காரு."

துண்டு அசைந்தது. அவள் உள்ளே அழுத்திப் பிடிப்பது தெரிந்தது, ஒவ்வொரு விரலாக, ஐந்தையும்.

திரையில் ஒன்று.

"அஞ்சு தர்றேங்கறேன், ஒண்ணு போதும்னா என்னங்க அர்த்தம்?" பழனாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய தியாகி! யாரு கேட்டா உங்க தியாகத்தை? நான் என்ன சக்கரப் பொங்கலா கேட்டேன்? வாயைத் தெறந்தா திட்டுவீங்க, நானும் திட்டுவேன், அதுக்கு ஒரு ஆளு வேண்டாமா எனக்கு?"

ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டிருந்த கட்டம் நின்றது. கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு கட்டம், சற்றுத் தள்ளி அரை மனதாக இன்னொன்று.

கோமதி அதை எண்ணப் போனவள், பாதியில் நிறுத்தினாள். துண்டு எதற்கு என்று கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தையில் இத்தனை ஆள் நெருக்கி நின்றாலும் அந்தத் துண்டுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவளோ திரையைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். மடிக்கணினியை மெல்ல நகர்த்தி, பழனாத்தாளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

"கட்டத்தை எண்ணினா போதும்மா. கீழே அது என்ன சொன்னாலும் கண்டுக்காதீங்க."

பழனாத்தாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோமதி வெளியே வந்து, தெருவில் நிறுத்தியிருந்த காரில் சாய்ந்து நின்றாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எதிர் வீட்டில் யாரோ வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, இவளை யாரென்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது, வரியை எடுத்துவிட்டோம் என்று. நாளை காலை எத்தனை வீடுகளில் எத்தனை பேர் நிற்பார்கள், அவர்கள் யாரை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. போன் பிய்த்துக்கொள்ளும் என்பது மட்டும் தெரியும். பயமாக இருந்தது. அதோடு, நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, தன் வேலையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

உள்ளே பேரம் சூடு பிடித்துவிட்டது. ஒரே ஒரு குரல்தான் கேட்டது, ஆனால் இரண்டு பேர் சண்டை போடுகிற சத்தம் அதில் இருந்தது.

"மூணு," என்றாள் பழனாத்தாள். "அதுக்குக் கீழ ஒரு நாளுகூடக் கொறைக்க மாட்டேனுங்க, ஆமா."